அகதா கிறிஸ்டி ஆடியது போங்கு ஆட்டமா?

டிஸ்கி: அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கொலையாளி யார் என்பதை இந்தப் பதிவில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே யூ-டர்ன் அடித்து, புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது :)

போன செமஸ்டர் லீவில் எங்கள் கும்பலில் நாலு பேர் ஒரே புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். முடித்ததும் வந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அறை நண்பன் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னான்: "போங்கு ஆட்டம்டா இது." வகுப்புத் தோழி ஒருத்தி பாதிப் புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள் (நம்புவோம், வேறு வழி?). சீனியர் அண்ணா ஒருவர், "முடிவு தெரிஞ்சேதான் படிச்சேன், தெரியாம படிக்கிறதைவிட அதுதான்ப்பா சுவாரஸ்யம்" என்றார். நான் நாலாவது ஆள். என் கட்சி என்ன என்று நீட்டி முழக்கச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் புதிதாக வருபவர்களுக்கு. ஹெர்க்யூல் புவாரோ தொடரில் மொத்தம் 33 நாவல்கள். முதல் நாவல் 1920-லும், கடைசி நாவலான 'கர்ட்டன்' 1975-லும் வந்தன. 'பொய்ராட்' என்று படித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அது புவாரோ. ஆள் பெல்ஜியம்காரர், பிரெஞ்சு உச்சரிப்பு. முட்டை மாதிரித் தலை, மெழுகு தடவிய மீசை, தூசி பட்டால் துடித்துப்போகும் சுத்தம். ஆரம்பத்தில் அவருடைய கதைகளைச் சொல்பவர் பெரும்பாலும் கேப்டன் ஹேஸ்டிங்ஸ். ஷெர்லக் ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி. நல்ல மனசு, கொஞ்சம் மந்தம். அவர் பார்ப்பதை நாமும் பார்ப்போம், அவர் ஏமாறும் இடத்தில் நாமும் ஏமாறுவோம். இந்தப் பழக்கத்தில்தான் 1926-ல் வந்த அக்ராய்ட் நாவல் கை வைத்தது.

கதை சுருக்கமாக. கிங்ஸ் ஆபட் என்று ஓர் ஆங்கிலேயக் கிராமம். அங்கே மிஸஸ் ஃபெரார்ஸ் என்ற பணக்கார விதவை இறந்துபோகிறார். தன் கணவருக்கு விஷம் வைத்தவர் அவர்தான். அது தெரிந்த யாரோ ஒருவர் அவரை மிரட்டிப் பணம் கறந்துகொண்டே இருந்திருக்கிறார். தாங்க முடியாமல், மிரட்டியவர் பெயரை எழுதி ஒரு கடிதத்தை ரோஜர் அக்ராய்டுக்குத் தபாலில் அனுப்பிவிட்டுச் செத்துப்போகிறார். அன்று இரவு கடிதம் வருகிறது. கூட இருப்பவர் ஊர் டாக்டர் ஷெப்பர்ட். அக்ராய்ட் பாதி படித்து, பெயர் வருவதற்கு முன் நிறுத்திவிட்டு, தனியாகப் படித்துக்கொள்கிறேன் என்கிறார். டாக்டர் வீட்டுக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் அக்ராய்ட் குத்துப்பட்டுக் கிடக்கிறார். கடிதத்தைக் காணோம்.

பக்கத்து வீட்டில் சுரைக்காய் மாதிரி ஏதோ ஒரு காய் வளர்த்துக்கொண்டு ஓய்வில் இருப்பவர் நம் புவாரோ. ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினாவில் இருப்பதால், டாக்டர் ஷெப்பர்டே துணைக்கு வருகிறார். நாவல் முழுவதையும் எழுதுபவரும் அவர்தான். கொலை செய்தவரும் அவர்தான்.

இதைப் படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் ஒன்றும் இல்லை. புத்தகத்தின் ஆரம்பத்துக்குத் திரும்பிப்போய், அந்த டாக்டர் எந்த வரியில் என்னிடம் பொய் சொன்னார் என்று தேட ஆரம்பித்ததால்தான்.

நம்ம பசங்க போட்ட சண்டை ஒன்றும் புதுசில்லை. நூறு வருஷத்துச் சண்டை. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் 1927-லேயே தன் சொந்தப் பெயரில் தொகுத்த ஒரு கதைத் தொகுப்பின் முன்னுரையில், இந்த நாவலில் வாசகர் மீது நடத்திய தந்திரம் நியாயமானது என்று சொல்ல முடியாது என எழுதினார். அடுத்த வருஷம் அவர் போட்ட 20 விதிகளில் ஒன்று: கொலையாளி துப்பறிபவரிடம் செய்யும் ஏமாற்று வேலையைத் தவிர, எழுத்தாளர் வாசகரிடம் தனியாக எதுவும் செய்யக்கூடாது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் (அவரும் துப்பறியும் கதை எழுதியவர்) பத்துக் கட்டளைகள் போட்டார். முதல் கட்டளை, யாருடைய மனசுக்குள் வாசகரை நுழைய விட்டீர்களோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது. ஒன்பதாவது, வாட்சன் பாத்திரம் தன் மனசில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக்கூடாது. ஷெப்பர்டை இந்தக் கட்டளைகளில் நிற்க வைத்தால் இரண்டிலுமே ஃபெயில்.

மறுபக்கத்தில் நின்றவர் டோரதி எல். சேயர்ஸ். அவருடைய வாதம் ரொம்ப சிம்பிள்: எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு எழுத்தாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்‌ஷன் கிளப்' தொடங்கினார்கள். வாசகரிடம் நேர்மையாக ஆடுவோம் என்று சத்தியம் எல்லாம் செய்துதான் உறுப்பினர் ஆவார்கள். 'போங்கு ஆட்டம்' என்று குற்றம் சாட்டப்பட்ட அதே அகதா கிறிஸ்டி 1957 முதல் 1976-ல் இறக்கும்வரை அந்த கிளப்பின் தலைவர்!

கிறிஸ்டியும் தன் சுயசரிதையில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஏமாற்று வேலை என்பவர்கள் கவனமாகப் படிக்கவில்லை, நேரத்தில் இருக்கும் சின்ன இடைவெளியை இரண்டு விதமாகப் பொருள்படும் வாக்கியத்தில் வைத்திருக்கிறேன், டாக்டர் எழுதியதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை என்பது அதன் சாரம்.

இங்கேதான் ஒரு பி.காம். மாணவனுக்கு மூளையில் மணி அடிக்கிறது. உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை... இதை நாங்கள் பிளஸ் ஒன்னிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அதன் பெயர் விடு பிழை.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக: கணக்கில் ஒரு நடவடிக்கையைத் தவறாக எழுதினால் அது செய் பிழை. எழுதாமலே விட்டால் விடு பிழை. பற்றில் எழுதிவிட்டு வரவில் எழுதாமல் விட்டால் இருப்பாய்வு இடிக்கும், மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பக்கமும் எழுதாமல் முழுசாக விட்டுவிட்டால்? இருப்பாய்வு ஜம்மென்று சமன்படும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பில் இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், ஆனால் கணக்கு தப்பு. பரீட்சையில் 'இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள் யாவை?' என்ற கேள்விக்கு நாங்கள் எழுதும் முதல் பாயின்ட் அனேகமாக இதுதான்.

டாக்டர் ஷெப்பர்ட் எழுதியது அப்படி ஒரு முழு விடு பிழை.

அந்த இடம் இப்படி: கடிதம் வந்தது 8.40-க்கு. டாக்டர் அறையைவிட்டுக் கிளம்பியது 8.50-க்கு. கதவுக்குமிழில் கை வைத்து, திரும்பிப் பார்த்து, ஏதாவது செய்யாமல் விட்டிருக்கிறோமா என்று யோசிக்கிறார். ஒன்றும் தோன்றவில்லை, போய்விடுகிறார். முதல் தடவை படிக்கும்போது, நண்பனைத் தனியே விட மனசில்லாத நல்ல டாக்டர் என்றுதான் தோன்றும். இரண்டாம் தடவை படிக்கும்போது முதுகு சில்லிடும். அவர் யோசித்தது, கொலை செய்த அறையில் தடயம் எதையாவது விட்டுவிட்டோமா என்று! கடைசி அத்தியாயத்தில் அவரே அந்த வரிகளைச் சுட்டிக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். நடுவில் வரிசையாக நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று யாராவது யோசித்திருப்பார்களோ என்று கேட்கிறார். கணக்கில் விட்ட இடத்தைக் கணக்கெழுதியவரே ரசித்துக் காட்டுகிறார்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். எழுதாமல் விடுவது ஏமாற்றா, இல்லையா?

இது எனக்கு வெறும் புத்தகச் சண்டை கிடையாது. நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவும் அவருடைய நண்பர் ஒருவரும் கூட்டாக ஓர் எலெக்ட்ரிகல் சாமான் கடை நடத்தினார்கள். அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா வெளி வேலை, ஆர்டர் பிடிப்பது, வசூல். சித்தப்பா கல்லாவும் கணக்கும். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. அத்தனை வருஷமும் மொத்த வியாபாரிகள் வருஷக் கடைசியில் கொடுத்த தள்ளுபடித் தொகை கடைக்கணக்கில் ஏறவே இல்லை என்பது, ஒரு விற்பனைப் பிரதிநிதி டீக்கடையில் போகிற போக்கில் சொன்னதில்தான் தெரிந்தது. அப்பா நோட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார். சித்தப்பா குரலை உயர்த்தக்கூட இல்லை. "எழுதினதுல எங்கயாவது ஒரு பொய் இருந்தா காட்டுங்கண்ணே" என்றார். அப்பாவால் காட்ட முடியவில்லை. ஏனென்றால் இல்லை. கடை பிரிந்தது. அப்பா அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

அதனால் 'எழுதியதெல்லாம் உண்மைதானே' என்ற வாதத்தை யார் சொன்னாலும் எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஷெப்பர்ட் சொன்னாலும் வரும். வாக்கியம் வாக்கியமாக உண்மை சொல்லி, மொத்தத்தில் பொய் சொல்ல முடியும். ஆடிட்டிங் பாடத்தில் கணக்கு 'உண்மையாகவும் நியாயமாகவும்' இருக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை போடுகிறார்களே, அந்த இரண்டாவது வார்த்தை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் நானும் அறை நண்பன் கட்சியா? இல்லை. காரணம் சொல்கிறேன்.

நாவலில் இரண்டு கணக்கெழுத்தர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஷெப்பர்ட், இன்னொருவர் கிறிஸ்டி. ஷெப்பர்ட் மறைக்கிறார். கிறிஸ்டி, அந்த மறைப்பைக் கண்டுபிடிக்கத் தேவையான வவுச்சர்களை எல்லாம் கோப்பிலேயே வைத்துவிட்டுப் போகிறார். நான் இரண்டாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்து வவுச்சிங் செய்தேன். கிடைத்தவை:

1. டாக்டர் வீட்டைவிட்டுக் கிளம்பியது 8.50. வெளிக் கேட்டுக்கு வரும்போது சர்ச் மணி 9 அடிக்கிறது. அது ஐந்து நிமிஷ நடைதான். பாக்கி ஐந்து நிமிஷம் எங்கே போனது?

2. இரவு டாக்டருக்கு வந்த போன், கொலை நடந்ததை அந்த வீட்டு பட்லர் சொன்னதாக அவர் சொல்கிறார். பட்லர் நான் பேசவே இல்லை என்கிறார். போன் வந்தது ரயில் நிலையத்திலிருந்து. முதல் ஆளாகப் பிணத்திடம் போக யாருக்குக் காரணம் வேண்டும்?

3. 9.30-க்கு அறைக்குள் அக்ராய்டின் குரல் கேட்டது என்கிறார் செக்ரட்டரி. ஆனால் கேட்டது பேச்சு வழக்கே இல்லை, கடிதம் சொல்லி எழுத வைக்கும் நடை. சில நாள் முன்புதான் டிக்டஃபோன் விற்பவர் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்.

4. நாற்காலி ஒன்று இடம் மாறியிருக்கிறது. எதையோ மறைக்கத்தான்.

5. டாக்டர் கையில் பை இருக்கிறது. டாக்டர் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மிஷின்களை நோண்டுவது அவருடைய பொழுதுபோக்கு என்பதும் முன்னாடியே வந்துவிடுகிறது.

இதெல்லாம் புவாரோவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் கிடையாது. நமக்கும் அதே பக்கங்களில் கிடைக்கிறது. புவாரோ ஷெப்பர்டின் கையெழுத்துப் பிரதியையே வாங்கிப் படித்துவிட்டு, உங்களை ரொம்பப் பின்னுக்கு வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று அடக்கத்தைப் பாராட்டுகிறாரே, அது பாராட்டா? ஆடிட்டர் 'உங்கள் பெயரில் ஒரு என்ட்ரிகூட இல்லையே சார்' என்று சிரித்துக்கொண்டே கேட்பது மாதிரி இருந்தது எனக்கு.

சித்தப்பா நோட்டில் இப்படி ஒரு வவுச்சர்கூட இல்லை. அதுதான் வித்தியாசம். மறைப்பவரோடு சேர்ந்துகொள்வது ஏமாற்று. மறைப்பவரை நம் முன்னால் உட்கார வைத்து, 'இவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இரு, எங்கே விடுகிறார் கண்டுபிடி' என்பது ஆட்டம். கிறிஸ்டி செய்தது இரண்டாவது.

"எல்லாம் சரி, ஒரு டாக்டரை, கதை சொல்றவனை, ஏன் சந்தேகப்படணும்?" என்று நண்பன் மறுபடியும் கேட்டான். அதற்கும் எங்கள் சிலபஸில் பதில் இருக்கிறது :) 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மேனேஜர் சரக்கிருப்பைப் பல வருஷமாகக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். நீதிபதி லோப்ஸ் ஆடிட்டர்களை விட்டுவிட்டார். ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்ற புகழ்பெற்ற வாசகம் அங்கிருந்து வந்ததுதான். கம்பெனியே நம்பிய ஊழியரை ஆடிட்டர் நம்பியதில் தப்பில்லை என்பது அதன் கருத்து. டாக்டரை நம்பிய வாசகருக்கும் அதே தீர்ப்பு பொருந்தும். ஏமாந்தது நம் குற்றமில்லை. ஆனால் துப்பறியும் கதையைக் கையில் எடுத்த நிமிஷம் நாம் காவல் நாய் வேலைக்கு வரவில்லை, மோப்ப நாய் வேலைக்கு வந்திருக்கிறோம். சேயர்ஸ் சொன்னதும் அதைத்தானே?

கிறிஸ்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஜால்ரா அடிப்பதாக நினைக்க வேண்டாம். குறையும் இருக்கிறது. டிக்டஃபோனை நேரம் வைத்து ஓட வைப்பது கொஞ்சம் ஓவர். ரயில் நிலைய போன் சரியான நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பது அதிர்ஷ்டத்தை நம்பிப் போட்ட திட்டம். முடிவில் புவாரோ ஷெப்பர்டைப் போலீஸில் ஒப்படைக்காமல், தூக்கமருந்து வழியைக் காட்டி விட்டுவிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரின் அக்கா கரோலினுக்கு அவமானம் வரக்கூடாதாம். மிரட்டலுக்குப் பலியான மிஸஸ் ஃபெரார்ஸுக்கு மட்டும் அந்தச் சலுகை யாரும் தரவில்லை.

கரோலின் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டைவிட்டு வெளியே வராமலே ஊர் விஷயம் முழுக்கத் தெரிந்து வைத்திருக்கும் அந்த அக்காதான் எனக்குப் பிடித்த பாத்திரம். பின்னால் வந்த மிஸ் மார்ப்பிளுக்கு விதை இவராக இருக்கலாம் என்று கிறிஸ்டியே சொல்லியிருக்கிறார். 1998-ல் பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் ஒரு புத்தகமே எழுதி, புவாரோ கண்டுபிடித்தது தப்பு, கொலை செய்தது கரோலின், தம்பி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று வாதாடினார். ஒத்துக்கொள்கிறேனோ இல்லையோ, கதை சொல்பவர் ஒரு முறை மறைத்தார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் சொல்லும் எதையும் நம்ப முடியாது என்ற பாயின்ட் சரிதான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அந்தத் தள்ளுபடிக் கணக்கு தெரிந்த பிறகு, சித்தப்பா நியாயமாக எழுதிய வருஷங்களையும் அப்பாவால் நம்ப முடியவில்லை.

இப்படிப்பட்ட கதைகளே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944-ல் துப்பறியும் கதைகளைக் கிண்டலடித்து எழுத, வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதித் தள்ளினார்கள். அவர் அசரவில்லை. 1945-ல் எழுதிய அடுத்த கட்டுரையின் தலைப்பே, ரோஜர் அக்ராய்டைக் கொன்றது யார் என்று யாருக்குக் கவலை என்பதுதான். பதில்: 2013-ல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் தன் 60-வது ஆண்டில் சுமார் 600 உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, எல்லாக் காலத்திலும் சிறந்த துப்பறியும் நாவல் என்று தேர்ந்தெடுக்கப்பட்டது இதுதான். நிறையப் பேருக்குக் கவலை இருக்கிறது வில்சன் சார்!

நண்பன் இன்னும் போங்கு என்றுதான் சொல்கிறான். இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிப் புத்தகத்தை அவன் மேசையில் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு பென்சிலும். நீங்கள் படித்தபோது எந்த இடத்தில் டாக்டர் மேல் சந்தேகம் வந்தது? வந்த பக்கத்தைச் சொல்லுங்கள். கடைசிவரை வரவே இல்லை என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீதிபதி லோப்ஸ் உங்கள் பக்கம் இருக்கிறார் :)

பி.கு: அப்பா ஆங்கில நாவல் படிக்கிறவர் இல்லை. லீவில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அவருக்குத் தமிழில் சொன்னேன். கடிதம் 8.40-க்கு வந்தது, டாக்டர் 8.50-க்குக் கிளம்பினார் என்று சொல்லி நிறுத்தினேன். "நடுவுல பத்து நிமிஷம் என்ன பண்ணான் அவன்?" என்று உடனே கேட்டார்.